பின்வளவு நீச்சல் தடாகத்துக்கு வீட்டு உறுதியை ஈடு வைக்கலாமா?

உரும்பிராயில் நாலு பரப்புக் காணி, பின்வளவில் கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையில் நல்ல வெளி, அதில் பிள்ளைகளுக்காக ஒரு நீச்சல் தடாகம் கட்ட ஆசை. கொந்தராத்துக்காரர் 45 இலட்சம் சொல்கிறார், கையில் 20 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது, நீங்களும் மனைவியும் சேர்ந்து மாதம் 2 இலட்சத்து 60 ஆயிரம் எடுக்கிறீர்கள், பழைய வீட்டுக் கடனில் இன்னும் 12 இலட்சம் பாக்கி, அதற்கு மாதம் 28,000 போகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா தன் வீட்டின் மேல் வங்கி கொடுத்த கடனில்தான் தடாகம் கட்டினார், அதே மாதிரி இங்கேயும் கிடைக்குமா, எந்த வழி மலிவு என்று கேட்டிருந்தீர்கள். எந்த வழி மலிவு என்பதற்குப் பதில் வருடத்துக்கு வருடம் மாறும். உங்கள் கேள்விக்குள் இருப்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது: ஒரு ஆசைக்காக எதை ஈடு வைக்கலாம், எதைத் தொடவே கூடாது. அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் வங்கிக் கிளைகளில் 26 வருடம் வேலை செய்தவன், அதில் பாதிக்கு மேல் கடன் பகுதியில். காணி உறுதிகள், தோம்பு எனும் காணிப் பதிவேட்டின் பிரதிகள், மதிப்பீட்டாளரின் அறிக்கைகள், ஈட்டுப் பத்திரங்கள், இவைதான் என் மேசையில் கிடந்தவை. கட்டட வேலை என் தொழில் இல்லை. குழி வெட்டுவது, தண்ணீர், பம்ப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் கடன் எடுத்தவர்களின் வளவுகளுக்கு நேரில் போய்ப் பார்த்ததில் தெரிந்தவை, ஆகவே அந்தப் பகுதியை ஒரு பொறியியலாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வட்டி வீதங்களைக் கணக்குப் புரிவதற்காகத்தான் போடுகிறேன், அன்றைய வீதத்தைக் கிளையில் எழுத்தில் வாங்க வேண்டும். உறுதி, ஈடு, தவணைக் கணக்கு பற்றிச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

முதலில் அண்ணாவின் கதை. கனடாவில் வீட்டின் பெறுமதியில் கடன் போக மிச்சமிருக்கும் பங்கின் மேல் வங்கி ஒரு வரம்பு போட்டுக் கொடுக்கும். அந்த வரம்பு வீட்டுப் பெறுமதியில் 65 வீதம் வரை போகலாம், பழைய வீட்டுக் கடனையும் சேர்த்தால் 80 வீதத்தைத் தாண்டக்கூடாது. வேண்டும்போது எடுக்கலாம், வந்தபோது கட்டலாம், எடுத்த காசுக்கு மட்டும்தான் வட்டி. அமெரிக்காவிலும் இதே வகை உண்டு, அதோடு மொத்தமாக எடுத்துத் தவணையில் கட்டும் இரண்டாம் ஈட்டுக் கடனும், பழைய வீட்டுக் கடனைப் பெரிதாக்கிப் புதுக் கடனாக எழுதி வித்தியாசத்தைக் காசாக எடுக்கும் முறையும் உண்டு. அந்தக் காசை வீட்டைக் கணிசமாக மேம்படுத்தச் செலவழித்தால் அமெரிக்காவில் வட்டிக்கு வருமான வரியில் கழிவு கேட்கலாம். அங்கே ஆட்கள் தடாகத்துக்கு வீட்டை ஈடு வைக்க யோசிக்காததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. வட்டி எங்களுடையதை விட நீண்ட காலமாகக் குறைவு, வீடு விற்றால் வாங்க ஆள் வரிசையில் நிற்கும், சில ஊர்களில் தடாகம் இருந்தால் வீட்டுக்கு விலையும் கூடும். இந்த மூன்றும் உரும்பிராயில் இல்லை.

இங்கே அதற்குக் கிட்ட வருவது இரண்டு. ஒன்று, காணியை ஈடு வைத்து நடைமுறைக் கணக்கில் மேலதிகப்பற்று, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் வசதி, வாங்குவது. இது வியாபாரிகளுக்கு வழக்கம், மாதச் சம்பளக்காரருக்கு வங்கி இலேசில் கொடுக்காது, வட்டியும் கூட. மற்றது, உங்களுக்கு ஏற்கனவே வீட்டுக் கடன் தந்த அதே வங்கியிடம் போய், அதே ஈட்டின் மேல் மேலதிகக் கடன் கேட்பது. உறுதி அவர்களிடமே இருக்கிறது, கட்டி வந்த பதிவு இருக்கிறது, ஆகவே வேலை சுருக்கம். வீட்டுத் திருத்தக் கடன் என்ற பெயரில் தடாகத்தை ஏற்பார்களா என்பது கிளைக்குக் கிளை, வங்கிக்கு வங்கி மாறும். ஏற்றாலும் பிரதேச சபை அனுமதித்த வரைபடமும் செலவு மதிப்பீடும் கேட்பார்கள், காசை மொத்தமாகத் தராமல் வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக விடுவிப்பார்கள். அந்த முறை உங்களுக்குத்தான் பாதுகாப்பு, அதைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். மதிப்பீட்டாளர் வந்து போனால் தடாகத்துக்கு 45 இலட்சம் கூட்டிப் போடுவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நான் பார்த்த அறிக்கைகளில் காணிக்கும் வீட்டுக்கும்தான் பெறுமதி வந்தது, பின்வளவில் உள்ளது ஒரு வரியோடு போய்விடும்.

சரி, உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எங்கள் ஊரில் பத்து வீட்டில் பெரும்பாலானது பெண்ணுக்குக் கொடுத்த சீதன வீடு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆகவே இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். சட்டத்தில் இது ஒரு சடங்கு மாதிரித் தெரியலாம். என் அனுபவத்தில் அப்படியல்ல: கடன் கணவனின் சம்பளத்தில், ஆசை இருவருடையது, ஆனால் போனால் போவது அவளுக்கு அவளுடைய தாய் தகப்பன் கொடுத்த வீடு. கையெழுத்து வைக்க வந்த எத்தனையோ பெண்களிடம் "இது என்ன பத்திரம் என்று தெரியுமா அம்மா" என்று கேட்டிருக்கிறேன். "அவர் வைக்கச் சொன்னார்" என்பதுதான் பல பேருடைய பதில். தம்பி, உங்கள் மனைவியை அந்த இடத்தில் வைக்காதீர்கள். வட்டி கூடினால் மாதம் எவ்வளவு வரும் என்ற கணக்கை முதலில் அவருக்குக் காட்டுங்கள்.

உறுதியில் வேறு முடிச்சுகளும் இருக்கும். நன்கொடை உறுதியில் பெற்றோர் தங்களுக்குச் சீவிய உருத்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, வைத்திருந்தால் அவர்களும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். கிணறும் ஒழுங்கையும் சகோதரங்களோடு பங்கு என்றால் அந்தப் பங்கைக் கேட்பார்கள். ஒரு பங்காளி பாரிசில், ஒருவர் மெல்பனில் என்றால் அற்றோணித் தத்துவம் வந்து சேரவே மாதக் கணக்கு ஆகும். ஈடு வைக்கப் போகாவிட்டாலும் காணிப் பதிவகத்தில் தோம்புப் பிரதி எடுத்து வில்லங்கம் பார்த்து வைப்பது எப்போதைக்கும் நல்லது.

கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தோடு ஏலத்தில் விற்கலாம். இதைத்தான் 'பராட்டே' என்கிறார்கள். சிறிய கடன்களுக்கு அது செல்லாது என்ற வரம்பும் அதே சட்டத்தில் உண்டு, ஆகவே உங்கள் தொகை எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பு உங்கள் சொந்தச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், வங்கியின் சட்டத்தரணியிடம் அல்ல. வரம்புக்குக் கீழே விழுந்தாலும் ஈட்டு வழக்கு என்ற வழி இருக்கவே இருக்கிறது. அதுவும் கடைசியில் ஏலத்துக்குத்தான் போகும், கொஞ்சம் மெதுவாக.

இனி வட்டிக் கணக்கு. 45 இலட்சத்தையும் 14 வீத வட்டிக்குப் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதக் கட்டுக்காசு ஏறக்குறைய 70,000. பத்து வருடத்தில் நீங்கள் கட்டி முடிப்பது 84 இலட்சம், அதாவது தடாகத்தின் விலையோடு இன்னும் 39 இலட்சம் வட்டி. ஐந்து வருடத்தில் முடித்தால் வட்டி 18 இலட்சத்துக்குள் நிற்கும், ஆனால் மாதம் 1 இலட்சத்து 5 ஆயிரம் கட்ட வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் எல்லாக் கட்டுக்காசும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தில் 40 வீதத்தைத் தாண்டினால் தயங்குவோம். உங்களுக்கு அந்தக் கோடு 1 இலட்சத்து 4 ஆயிரம், அதில் 28,000 ஏற்கனவே போய்விட்டது. ஆகவே பத்து வருடக் கடன் கடதாசியில் பொருந்துகிறது, வங்கி உத்தியோகத்தர் தலையாட்டுவார், ஐந்து வருடம் பொருந்தாது.

கடதாசியில் பொருந்துவது போதாது என்று 2022 எங்களுக்குக் காட்டியது. அந்த வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. வீட்டுக் கடன்கள் பலவற்றில் வட்டி நிலையானது அல்ல. ஏ.டபிள்யூ.பி.ஆர். என்று பத்திரத்தில் போட்டிருப்பார்கள், வங்கிகள் தங்கள் மிக நம்பிக்கையான வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வீதம் அது, அதன் மேல் இத்தனை வீதம் கூட்டி என்று எழுதியிருக்கும். அந்தச் சராசரி 2022 தொடக்கத்தில் 10க்கும் கீழே கிடந்தது, அதே வருடத்துக்குள் 20ஐத் தாண்டிப் போனது. உங்கள் 45 இலட்சத்துக்கு வட்டி 14இலிருந்து 24 ஆனால் கட்டுக்காசு 70,000இலிருந்து 99,000க்குப் போகும், பழைய 28,000த்தையும் கூட்டினால் சம்பளத்தில் பாதி. அப்படி இன்னொரு முறை நடக்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருமுறை நடந்தது, அதற்கு இன்னும் பத்து வருடம் ஆகவில்லை, நீங்கள் எடுக்கப்போவது பத்து வருடக் கடன்.

ஒரு குடும்பம் என் மனதில் இன்னும் இருக்கிறது. வலிகாமத்தில் ஒரு ஊர், 2021 கடைசியில் வட்டி அடி நிலத்தில் இருந்த நேரம், 9 வீதத்துக்கு 35 இலட்சம் பத்து வருடத்துக்கு எடுத்தார்கள், வீட்டுத் திருத்தமும் பின்வளவில் தடாகமும் என்று. மாதம் 44,000. கிடங்கு வெட்டி, கம்பி கட்டி, அடித்தளம் போட்டு முடிய நாடு சரிந்தது. 1,300 ரூபாய்க்குள் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2,500ஐத் தாண்டியது, டைல்ஸ் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் கிடந்தது, கொந்தராத்துக்காரர் பழைய விலைக்கு முடியாது என்று கைவிரித்தார், அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்குள் கட்டுக்காசு 76,000 ஆனது. பாதியில் நின்ற கிடங்கில் மாரி மழை நிரம்பி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்புக் குடம்பி காட்டி எச்சரித்துவிட்டுப் போனார். மனைவியின் நகைகள் அடைவுக்குப் போய்க் கட்டுக்காசு கட்டினார்கள். வீடு தப்பியது. அந்தக் கோப்பில் பரிந்துரை எழுதியது நான். வட்டி கூடினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை அவர்களிடம் நான் அழுத்திக் கேட்கவில்லை, அந்த நேரம் எவரும் கேட்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஈடு இல்லாத வழிகளில் எனக்குப் பிடித்தது உங்களிடமே இருக்கும் நிலையான வைப்பு. அதை உடைக்காமல் அதன் மேல் வங்கி கடன் தரும், வைப்பின் பெரும்பகுதிக்கு, வைப்பு வட்டியை விடச் சில வீதம் கூட்டி. பத்திரம் ஒரு நாளில் முடியும், பிணையாளி வேண்டாம், கட்ட முடியாவிட்டால் போவது வைப்பு மட்டும், வீடு இல்லை. ஆனால் இது சும்மா கிடைக்கும் காசு என்று நினைக்காதீர்கள். வைப்புக்கு வரும் வட்டியில் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், கடனுக்குக் கட்டும் வட்டி அதற்கு மேலே நிற்கிறது, இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே வைப்பு முதிர இன்னும் சில மாதம் இருக்கிறது, அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் இது நல்ல வழி. மூன்று வருடத்துக்கு இழுப்பதாக இருந்தால் முதிர்ந்தபிறகு வைப்பையே எடுத்துச் செலவழிப்பது இலாபம்.

அடுத்தது சம்பளத்தின் மேல் தரும் தனிநபர் கடன். வட்டி வீட்டுக் கடனை விடக் கூட, காலம் குறைவு, பிணையாளி இரண்டு பேர் கேட்பார்கள். வட்டி கூட என்று பலர் இதை ஒதுக்கிவிட்டு உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 இலட்சத்தை 16 வீதத்துக்கு மூன்று வருடம் எடுத்தால் மாதம் 35,000, மொத்த வட்டி இரண்டே முக்கால் இலட்சத்துக்குள். அதே 10 இலட்சத்தை வீட்டை ஈடு வைத்து 14 வீதத்துக்குப் பத்து வருடம் எடுத்தால் மாதம் 15,500தான், ஆனால் வட்டி எட்டரை இலட்சத்தைத் தாண்டும், அதன் மேல் ஈட்டுப் பத்திரச் செலவு, மதிப்பீட்டுச் செலவு, கடன் காப்புறுதிக் கட்டணம். கூடிய வட்டிக்குக் குறைந்த காலம் எடுப்பவர் குறைந்த காசு கட்டுகிறார். ஒன்று மட்டும், பிணைக்கு நிற்கும் சக ஆசிரியரோ அலுவலக நண்பரோ உங்கள் தடாகத்துக்காகத் தன் கிறிப் அறிக்கையை, அதாவது வங்கிகள் பார்க்கும் தன் கடன் வரலாற்றை, அடகு வைக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

நிதிக் கம்பனிகளும், சில இடங்களில் கொந்தராத்துக்காரர் மூலமாக வரும் தவணைத் திட்டங்களும் "12 வீதம்தான்" என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: குறைந்து வரும் மீதிக்கா, முழுத் தொகைக்கா? முழுத் தொகைக்கு 12 வீதம் ஐந்து வருடம் என்றால் 10 இலட்சத்துக்கு மாதம் 26,667 கட்டுகிறீர்கள், அதை வங்கிக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் 20 வீதத்துக்கு மேலே. இந்த ஒரு கேள்விக்கு நேரே பதில் சொல்லாத இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். தனியாரிடம் வட்டிக்கு வாங்குவது இதைவிட மோசம். ஈடு எழுதாமல் அறுதியாகவே உறுதி எழுதி வாங்கி, காசு தந்தால் திருப்பி எழுதித் தருவேன் என்று வாயால் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பதிவகத்தின் கண்ணுக்கு நீங்கள் அந்தக் காணியை விற்றுவிட்டீர்கள், அவ்வளவுதான். தடாகத்துக்காக இல்லை, எதற்காகவும் அப்படிக் கையெழுத்து வைக்காதீர்கள்.

நகை அடைவு பற்றிச் சுருக்கமாக. அது எங்கள் ஆட்களின் அவசரக் கைத்தடி, ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் விமான ரிக்கெற்றுக்கும் உதவியது, குறுகிய காலத்துக்கானது. காசு திரும்பி வராத ஒரு பொருளுக்கு அதை வைத்தால் வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பீர்கள். சீட்டில் முதலில் எடுத்துக் கட்டலாம் என்ற யோசனையும் சிலருக்கு வரும். தெரிந்த ஆட்களின் சின்னச் சீட்டு பம்புக்கோ டைல்சுக்கோ சரி, இலட்சக் கணக்கில் நம்ப வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடத்துக்கு மேல் உறுப்பினராக இருப்பவர் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க 2015 முதல் வழி இருக்கிறது, ஆனால் அது வீட்டுத் தேவைக்கும் குறிப்பிட்ட மருத்துவச் செலவுக்கும் என்று வைக்கப்பட்டது. அதைத் தடாகத்துக்குக் கரைத்தால் 60 வயதில் உங்களுக்குக் குறையும். மனைவி அரச ஊழியர் என்றால் வீடு, காணிக்காக அவர்களுக்குக் கிடைக்கும் ஆதனக் கடனையும் அதே காரணத்துக்காக விட்டுவையுங்கள், ஒரு நாள் கூரை மாற்ற வேண்டி வரும்.

அண்ணாவின் காசு. நீங்கள் அதை ஒரு வழியாக எழுதவில்லை, ஆனால் "அண்ணா கொஞ்சம் தருவார்" என்ற எண்ணம் கேள்விக்குள் தெரிகிறது. தந்தால் எல்லாவற்றையும் விட மலிவான காசு அதுதான், மனக்கசப்பில் முடிந்தால் எல்லாவற்றையும் விட விலை கூடியதும் அதுதான். அன்பளிப்பா, கடனா, காணியில் பங்கு எதிர்பார்க்கிறாரா என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்டியலில் அனுப்பச் சொல்லாதீர்கள், வங்கி வழியாக வந்த காசுக்குத்தான் நாளைக்குக் காட்டப் பதிவு இருக்கும். பங்கு என்றால் இன்னொரு விஷயம்: கனடாக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர், இலங்கை இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டவர். விலை கொடுத்துக் காணி வாங்கி அவர் பெயரில் எழுத அந்தச் சட்டம் பெரும்பாலும் இடம் தராது. "பிறகு எழுதலாம்" என்று பேசிவைத்துக் காசு அனுப்பி, பின்னர் எழுத முடியாமல் போய், சகோதரங்கள் பேசாமல் இருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

இனி என் தொழிலுக்கு வெளியே உள்ளது, ஆனால் கடன் தொகையைத் தீர்மானிப்பது இதுதான். உங்கள் பகுதியில் செம்மண் படை அதிகம் ஆழம் போகாது, கீழே சுண்ணக்கல். மதிப்பீட்டில் "மண் வெட்டுதல்" என்று மட்டும் இருந்தால், பாறை வந்தால் கனமீற்றருக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள், 45 இலட்சம் 55 ஆகும் இடம் அங்கேதான். தண்ணீர் மேலே நிற்கும் கரையோர ஊர் என்றால் வேறு பிரச்சினை, மாரியில் வெறுமையாக்கிய தடாகத்தை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளித் தூக்கிவிடும். 8 மீற்றருக்கு 4 மீற்றர், சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்றால் 45,000 லீற்றர் தண்ணீர். கோடையில் நாளுக்கு அரைச் சென்றிமீற்றர் ஆவியானாலே 160 லீற்றர் திரும்ப ஊற்ற வேண்டும். எங்கள் குடாநாட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது, கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும், உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டக்காரருக்கும். 2024இல் தாழையடியில் கடல் நீரைக் குடிநீராக்க நாளுக்கு 24,000 கனமீற்றர் அளவில் ஒரு நிலையம் திறக்க வேண்டி வந்த ஊர் இது. முதல் நிரப்புதலுக்காவது பவுசருக்குக் காசு ஒதுக்கிவையுங்கள். வடிகட்டும் பம்ப் ஒரு குதிரைவலு என்றால் நாளுக்கு ஆறேழு மணித்தியாலம் ஓட ஆறேழு அலகு, மாதம் 200க்குக் கிட்ட. வீட்டுக் கறண்ட் கட்டணத்தில் 180 அலகுக்கு மேல் உள்ளதுதான் உச்சப்படி, இப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பில்லைப் பாருங்கள். குளோரின், வடிகட்டி மணல், பராமரிப்பு ஆள் எல்லாம் சேர்த்து மாதச் செலவு ஒன்று வரும், அதையும் கட்டுக்காசின் பகுதியாகவே எண்ணுங்கள், கடன் முடிந்தாலும் அது முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. அளவை 7க்கு மூன்றரை மீற்றராகக் குறைத்து, ஆழத்தையும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி எடுத்து, புது மதிப்பீடு வாங்குவேன். அது 36 இலட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடனும் எடுக்காமல், கடன் எடுத்தால் எவ்வளவு கட்டுவேனோ அந்த 70,000த்தை 18 மாதம் தனிக் கணக்கில் போடுவேன். அது 12 இலட்சத்துக்கு மேலே வரும், அதோடு இந்தக் கட்டுக்காசை என் வீடு தாங்குமா என்பதும் தெரிந்துவிடும். நாலாம் மாதமே தடுமாறினால் வங்கி எதுவும் கேட்காது, நிறுத்தலாம். 20 இலட்சம் வைப்பில் 14ஐ எடுத்து 6ஐத் தொடாமல் விடுவேன். மிச்சம் 10 இலட்சத்துக்குத் தனிநபர் கடன், மூன்று வருடம், நிலையான வட்டிக்கு. மாரி முடிந்து தை, மாசியில் வேலை தொடங்கினால் கிடங்கில் மழை நிற்காது. தடாகத்தோடு வெளிநாட்டு விருந்தினருக்கு அறை விடும் எண்ணம் இருந்தால் கதை வேறு, அது தொழில் கடன், வருமானக் கணக்கோடு கேட்க வேண்டியது, அதற்குச் சுற்றுலா அதிகார சபையில் பதிவும் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் வீட்டு உறுதி மேல்தான் எடுப்பேன் என்றால், வங்கியிடம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: வட்டி எத்தனை வருடத்துக்கு நிலையானது, அதன்பிறகு எதன் மேல் எத்தனை வீதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், மேல் வரம்பு ஏதாவது உண்டா, இடையில் மொத்தமாகக் கட்டினால் தண்டம் எவ்வளவு, வட்டி கூடினால் கட்டுக்காசு கூடுமா காலம் நீளுமா. உங்கள் பழைய 12 இலட்சக் கடனுக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள், புதுக் கடனோடு சேர்த்துப் பழையதையும் புது வட்டிக்கு மாற்றி எழுதுவது வழக்கம், அது உங்களுக்கு நன்மையாக இருக்கலாம், இழப்பாகவும் இருக்கலாம். பழைய ஈட்டுப் பத்திரத்தின் பிரதி கையில் இருந்தால் வட்டி பற்றிய பந்தியைப் பாருங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால் அதற்கேற்ற கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.